நோயாளி பார்க்கப் போவது: மாமியிடம் படித்ததும் மாமியிடமே பிழைவிட்டதும்

மாமி 2023 ஆகஸ்ட் கடைசியில் இறந்துபோனார். ஆயித்தியமலை சதாசகாய மாதா திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் பை கட்டிக்கொண்டிருந்த கிழமை அது. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கமாக நடக்கிற அந்த நடையை, பாதை திறந்திருந்த வருசங்களில் அவர் விட்டதேயில்லை. காலில் செருப்பு இராது. வாயில் வெற்றிலை இருக்கும்.

பெயர் எழுதவில்லை, மகள் வேண்டாம் என்றாள். எனக்கு அவர் சொந்தமும் இல்லை. மட்டக்களப்பு டவுனில் வாவிக்கரையை ஒட்டின எங்கள் கோயில் பங்கில் பாதிப்பேருக்கு அவர் மாமி, மிச்சப் பாதிக்குப் பெரியம்மா. நாவலடியில் இருந்தவர். 2004 சுனாமியில் புருசனையும் வீட்டையும் கடல் கொண்டுபோன பிறகு பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவர். அதைப் பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை, நானும் இங்கே கதைக்கப் போவதில்லை. நான் எழுத வந்தது வேறு விசயம். நோயாளியை எப்படிப் பார்க்கப் போகவேண்டும் என்று எங்களுக்கெல்லாம் பழக்கிவிட்டவர் அவர். அவரே படுத்தபோது நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம்.

நானும் மாமியும் மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கப் பொதுமக்கள் இயக்கத்தில் சோடி. அந்தச் சேனை 1921இல் டப்ளினில் தொடங்கியது. அதில் வீடு சந்திக்கத் தனியாகப் போவதில்லை, இருவர் இருவராகத்தான். போன வேலையைக் கிழமைக் கூட்டத்தில் ஒப்புவிக்க வேண்டும், போன வீட்டுக் கதையை வெளியில் விடக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு: சேனை வேலையாகப் போகும்போது காசோ சாமானோ கொடுக்கக் கூடாது. மாமி அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. இன்றைக்குச் சேனையாகப் போய்ச் செபம் சொல்லிவிட்டு வருவார், நாளைக்குத் தனியாகப் போய் அரிசியும் ரின்மீனும் வைத்துவிட்டு வருவார். கேட்டால், "நேத்துப் போனது மாதாட ஆள் மனே, இண்டைக்குப் போனது பக்கத்து வீட்டு மனிசி" என்பார்.

அவருடைய முறை எல்லாம் சின்னச் சின்ன விசயம்தான். படலைக்குள் கால் வைக்கமுதல் வீட்டில் பராமரிக்கிற ஆளிடம் "இப்ப வரலாமா, மறுகா வரட்டா?" என்று கேட்பார். மறுகா என்றால் முகம் கோணாமல் திரும்பிவிடுவார், அந்த வெயிலில் நடந்து வந்த எனக்குத்தான் எரிச்சல் வரும். உள்ளே போனால் கட்டிலில் குந்த மாட்டார். நின்றுகொண்டும் கதைக்க மாட்டார், நின்று கதைத்தால் படுத்திருக்கிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பார். பலகைக்கட்டை ஒன்றை இழுத்துப்போட்டு முகத்துக்கு நேரே இருப்பார். என்ன வருத்தம், டொக்டர் என்ன சொன்னார் என்ற கேள்வியே வராது. "இண்டைக்கு என்ன சாப்பிட்டீங்க, ராத்திரி நித்திரை வந்ததா" என்றுதான் தொடங்கும். செபம் சொல்லவா என்று கேட்டுத்தான் சொல்வார், அதுவும் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணி முழுக்க இல்லை, ஒரு பத்து மணி. நோயாளி கண்ணை மூடினால் எழும்பிவிடுவார். உள்ளே இருந்தது பதினைந்து நிமிசம் என்றால் குசினியில் அந்த வீட்டு மனிசியோடு அரை மணித்தியாலம் இருப்பார், கதைத்துக்கொண்டே சட்டி பானையைக் கழுவுவார். முதலில் எனக்கு அது விளங்கவில்லை. "படுத்திருக்கிறவர எல்லாரும் பாக்காங்க, பாக்கிறவள ஆர் பாக்கிற?" என்று ஒருநாள் கேட்டார்.

வெளியே வந்ததும் பையிலிருந்து சீஆர் கொப்பியை, அந்த மட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தை, எடுப்பார். பெயர் எழுத மாட்டார், முதலெழுத்து மட்டும். "ஞா. வலக்காது கேளாது, இடப்பக்கம் இருக்க வேணும்." "மே. செபம் வேண்டாமாம், பேப்பர் வாசிக்கச் சொன்னார்." இப்படி வருசக்கணக்காய்க் கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருந்தார்.

சரி, வெற்றிலைக்கு வருவோம். எங்கள் ஊரில் வெற்றிலைத் தட்டம் இல்லாமல் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மாமி பதினெட்டு வயதிலிருந்து போட்டவர், பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்த்து. பூசைக்கு முன்னால் கோயில் கிணற்றடியில் வாய் கொப்பளிப்பார், பூசை முடிந்து சேலைத் தலைப்பில் முடிந்த பொட்டலத்தை அவிழ்ப்பார். நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோமே தவிர, ஒருத்தரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பாக்கு மட்டுமே புற்றுநோயை வரவைக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது, புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். புகையிலைதானே கூடாது, வெறும் பாக்கு வெற்றிலை போடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான் என்பதும் மாமிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

2021 நடுப்பகுதியில் இடது பக்க நாக்கு ஓரத்தில் ஒரு புண். கொரோனாக் காலம், கோயில்கள் பூட்டு, மாஸ்க் போட்ட முகம், யாரும் யாருடைய வாயையும் பார்க்கவில்லை. பல் குத்துகிறது என்று நினைத்திருக்கிறார். தனியார் இடமொன்றில் காட்டினபோது பூசுவதற்கு மருந்தும் விற்றமின் குளிசையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறவில்லை. திரும்பப் போனார், வேறு பூச்சு மருந்து. அதற்குள் அஞ்சு மாதம். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. எழுதி இனி ஒன்றும் ஆகாது, அதோடு முழுப் பிழையும் அவர்களுடையது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எச்சில் விழுங்கக் காதுவரை குத்துகிறது என்று எனக்கு ஒருநாள் அவரே சொன்னார், நான் உப்புத்தண்ணியால் கொப்பளியுங்கோ மாமி என்றேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஆகவே இதை மட்டும் கேளுங்கள். வாயில் ஒரு புண் இரண்டு, மூன்று கிழமைக்கு மேல் ஆறாமல் நின்றால் அது சூட்டுப் புண் இல்லை. நோகாவிட்டாலும் காட்ட வேண்டும், தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, இந்த இடங்களில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா என்று கண்ணாடி பிடித்துப் பாருங்கள். மூன்று விரலை நிமிர்த்தி அடுக்கி வாய்க்குள் விட முடியவில்லை, உறைப்பு பட்டால் எரிகிறது என்றாலும் போய்க் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசில்லாமல் பார்ப்பார்கள். சந்தேகமென்றால் ஒரு துளித் தசை எடுத்து அனுப்புவார்கள், அதுதான் பயொப்சி. தசையைத் தொட்டால் கான்சர் பரவும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. மாமியும் அதற்குப் பயந்துதான் இன்னொரு மாதம் இழுத்தடித்தார். பயொப்சி எடுக்காமல் வைத்தியம் தொடங்கவே ஏலாது.

2022 தொடக்கத்தில் ரிப்போட் வந்தது. மகனின் மாமனார் வீடு வத்தளையில் இருந்தபடியால் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் செய்வோம் என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்தில் நெறி கட்டின இடத்தையும் வெட்டி எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைக்கிறது என்று நம் ஆட்கள் சொல்கிற கதிர்ச் சிகிச்சை, கிழமைக்கு 5 நாள்படி 6 கிழமை. அதற்குமுன் பழுதான பற்களைக் கழற்ற வேண்டும் என்றார்கள், கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாதாம். யாராவது இந்தச் சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்றால் இதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமிக்கு அந்த 6 கிழமையும் போய் விழுந்தது பெற்றோல் இல்லாத காலத்தில். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று நிறுத்தினார்களே, அந்த நாட்கள். வத்தளையிலிருந்து மகரகமைக்கு வாயில் புண்ணோடு ஒரு கிழவி நெரிபட்ட பஸ்ஸில் நின்று போனார். இரண்டு கிழமையில் மகள் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்தாள். தொடக்கத்திலேயே அதைச் செய்திருக்கலாம். நாங்களும் இங்கே காசு சேர்க்கும்போது அந்த வாடகையை நினைக்கவேயில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்றதும் செலவில்லை என்று நினைத்துவிடுகிறோம். கூட நிற்கிற ஆளின் சாப்பாடு, அறை, ரயில் காசு, வெளியில் செய்யச் சொல்கிற ஸ்கான், பால்மா, குழாயில் கொடுக்கிற சத்துமா, வேலைக்குப் போகாத மகளின் சம்பளம், எல்லாம் வீட்டுக் காசு. இன்னொன்று பாஷை. மகளுக்குச் சிங்களம் தெரியாது. வார்ட்டில் மிஸ்மார், அதுதான் தாதிமார், சொன்னது பாதி விளங்காமல் தலையாட்டியிருக்கிறாள். பிறகு வத்தளைப் பொடியன் ஒருவன், நோவு, வாந்தி, காய்ச்சல், மலம் போகவில்லை, குழாய் கழன்றுவிட்டது என்று பத்துப் பன்னிரண்டு வசனத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தான். விரலால் தொட்டுக் காட்டினால் போதும். பங்குக்காரர் நாங்கள் அனுப்பின எல்லாவற்றையும்விட அந்த மட்டை உதவியது என்று மகள் இன்றைக்கும் சொல்வாள்.

காசு சேர்த்த கதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு பூசை முடிவில் மாமியின் பெயரைச் சொல்லி, வருத்தத்தைச் சொல்லி, உண்டியல் வைத்து அறிவித்தார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். காசும் சேர்ந்தது. ஆனால் ஆயுள் முழுக்க இருட்டின பிறகு போய் அரிசி வைத்துவிட்டு வந்த மனிசிக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஊருக்கு வந்த பிறகு கொப்பியில் எனக்கு எழுதிக் காட்டினார்: "எல்லாருக்கும் முன்னால ஏன் மனே?" அதற்குப்பிறகு ஒரேயொரு ஆள் காசைப் பொறுப்பெடுத்து, கணக்கு எழுதி, மாதம் ஒருமுறை மகளின் கையில் மூடின என்வலப்பாகக் கொடுத்தார். யார் தந்தது என்று அதில் இராது.

ஊர் திரும்பினதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து பேர். மாமி எல்லார் வீட்டுக்கும் போனவர், ஆகவே எல்லாரும் வர வேண்டுமல்லவா. கட்டிலில் ஏறிக் குந்தினார்கள். எப்படித் தொடங்கியது, எங்கே வெட்டினார்கள், எத்தனையாம் ஸ்டேஜ் என்று கதைக்க முடியாத ஆளிடமே கேட்டார்கள். தங்கள் மைத்துனியின் சித்தப்பாவுக்கும் இதே வருத்தம்தான், மூன்று மாதத்தில் முடிந்தது என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்! பங்கின் அன்பியம், அதாவது அயல் வீட்டுச் செபக்குழு, ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து ஐம்பத்து மூன்று மணி செபம் சொன்னது. பின்னேரம் மூன்று செபமாலை முடிந்த நாளும் உண்டு. வந்தவர்களுக்கெல்லாம் மகள் தேத்தண்ணி ஊற்றினாள், கிளாஸ் கழுவினாள், இடையில் தாய்க்குக் குழாயில் சாப்பாடு கொடுக்கும் நேரம் தவறியது.

குழாய் என்றது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடுகிற சாப்பாட்டுக் குழாய். அதில் கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், கொடுத்து முடிந்தும் அரை மணித்தியாலமாவது படுக்க விடக் கூடாது. முடிவில் சுத்தத் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துவிடும். மெல்ல மெல்லச் செய்கிற வேலை. ஒருநாள் ஆட்கள் நிறைந்த அறைக்குள் அவசரமாகக் கொடுத்து, உடனே படுக்க வைத்து, மாமிக்குப் புரையேறி மூச்சுத் திணறியது. அன்றைக்குத்தான் நான் படலையில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினேன். சிலர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பரவாயில்லை.

படலையில் ஒரு மட்டை தொங்கவிட்டோம், காலை 10 முதல் 11, பின்னேரம் 4 முதல் 5, அதுவும் இரண்டு பேராக. செபம் சொல்ல விருப்பமானவர்கள் கோயிலில் சொல்லட்டும், மாமியின் பெயரை வைத்துச் சொல்லட்டும், கடவுளுக்குக் கேட்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேலை பிரித்தோம்: ஒருவர் உடுப்புக் கழுவ, ஒருவர் மருந்துச் சிட்டையோடு கிளினிக் வரிசையில் நிற்க, ஒருவர் இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை முழித்திருக்க. அந்த நாலு மணித்தியாலத்தில் மகள் செத்தவள் மாதிரித் தூங்குவாள். இதைத்தானே மாமி எங்களுக்கு வருசக்கணக்காகக் குசினியில் நின்று காட்டினார்.

செபம் சொல்லும்போது அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. பங்கில் செபமாலை என்றால் முதற்குரல் அவருடையது, இப்போது நாங்கள் சொல்ல அவர் கேட்பார். ஆனால் நாங்கள் அருள்நிறை மந்திரத்தை ஓட்டமாகச் சொன்னால் செபமாலைச் சிலுவையால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். டொக். மெதுவா. டொக். கடைசிவரை எங்களை நடத்தினது அவர்தான்.

2023 மாசியில் கழுத்தில் திரும்ப வந்தது. இனி வெட்ட முடியாது, நோவில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். புண் வெளியே திறந்தது, மணம் வந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் இதை யாரும் எழுதாததால்தான் வீட்டுக்காரர் தனியாக நின்று தவிக்கிறார்கள். மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றவர்களை மாமி பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மணத்துக்கு மருந்து உண்டு. புண் கழுவுகிற மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ வெட்கப்படாமல் கேட்டால் தருவார்கள், நாங்கள் ஒரு மாதம் கேட்காமலே சாம்பிராணி புகைத்துக்கொண்டிருந்தோம். மருந்து போட்ட நாலைந்து நாளில் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. அந்த ஒரு மாதத்தை நினைத்தால்தான்.

அந்தக் காலத்தில்தான் வெளியூர்ச் செபக்குழு ஒன்று வந்து, சொல்லாத பாவம் ஏதோ உள்ளே இருக்கிறது, மருந்தை விட்டுவிட்டு விசுவாசத்தோடு இருந்தால் மாறும் என்றது. மாமி கொப்பியை வாங்கி எழுதினார்: "மருந்தும் அவர் தந்ததுதான். நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

ஆனால் அதே மாமி மோர்பின் வேண்டாம் என்று நின்றார். இயேசு சிலுவையில் கசப்பு கலந்த இரசத்தை மறுத்தாரே, தானும் இந்த நோவை ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று. நாங்களும் ஆகா, என்ன விசுவாசம் என்று புல்லரித்துப்போய் இருந்தோம். இரவில் அவர் தலையணையைக் கடிக்கிற சத்தம் மகளுக்குத்தான் கேட்டது. கடைசியில் பங்குப் பாதர்தான், வயசு முப்பத்தைந்து இராது, கட்டிலுக்குக் கிட்ட முழங்காலில் இருந்து கதைத்தார். நோவு மருந்து எடுப்பது பாவமில்லை, பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே டொக்டர்மாருக்கு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், நோவைத் தாங்கச் சொல்லித் திருச்சபை ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார். பிறகு, "மாமி, நோவில்லாமல் இருந்தால் ஒரு பத்து மணியாவது மனசு நின்று சொல்லுவீங்க, இப்ப அது முடியுதா?" என்று கேட்டார். மாமி கொஞ்சநேரம் முகட்டைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார், மருந்து ஊற்றச் சொல்லி.

மோர்பினைப் பற்றி நாங்கள் படித்தது: நோ வந்த பிறகு கொடுக்கிற மருந்து இல்லை அது, மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். அது கொடுத்தால் உடனே சாவு என்பது கதை. அதன்பிறகு மாமி ஐந்து மாதம் இருந்தார், அந்த ஐந்து மாதத்தில்தான் பேரனுக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கினார்.

பாதரைக் கூப்பிடுகிற விசயத்திலும் எங்கள் சனத்துக்கு ஒரு பயம் இருக்கிறது. பழைய ஆட்கள் இப்பவும் அவஸ்தைப் பூசுதல் என்றுதான் சொல்வார்கள். எண்ணெய் பூசினால் ஆள் முடிந்தது, பக்கத்து வீட்டுக்காரன் பந்தலுக்கு ஆள் தேடுவான். நோயில் பூசுதல் என்று சடங்கைத் திருத்தி 6ஆம் பவுல் பாப்பரசர் அறிவித்து 1972 தொடக்கம் எத்தனை வருசம்! யாக்கோபு தன் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும் என்றுதான் எழுதுகிறார், சாகக் கிடக்கிறவர் என்று எழுதவில்லை. மாமி மூன்று தரம் பூசுதல் பெற்றார், சத்திரசிகிச்சைக்கு முன் ஒன்று, திரும்ப வந்தபோது ஒன்று, கடைசிக் கிழமையில் ஒன்று. நோய் கூடினால் திரும்பவும் பெறலாம். முதல்தரம் அவர் தானாகவே கோயிலுக்கு நடந்துபோய்ப் பெற்றார். பார்த்துக்கொண்டிருந்த கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நன்மை எடுப்பதும், அதாவது பூசையில் தருகிற அப்பத்தை வாங்குவதும், அப்படித்தான். அப்பத்தை விழுங்க முடியாது என்றதும் இனி நன்மை இல்லை என்று மகள் அழுதாள். பாதர் முதலில் நகக்கண் அளவு துண்டைக் கரண்டித் தண்ணீரோடு கொடுத்தார். அதுவும் முடியாமல் போனபோது திரு இரத்தம் மட்டும், பூசையில் ஒப்புக்கொடுத்த இரசம், இரண்டு துளி நாக்கில். தேவைக்கு அப்படிக் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே இருக்கிறது. மகள் சாப்பிட்டுவிட்டேன், ஒரு மணித்தியாலம் ஆகவில்லை என்று பின்னால் நின்றாள். நோயாளிக்கும் வயோதிபருக்கும் மட்டுமில்லை, அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் நன்மைக்கு முன் ஒருமணி நேரம் சாப்பிடாமல் இருக்கிற அந்த ஒறுத்தல் இல்லை என்று பாதர் சொல்ல, அன்றைக்குத்தான் அவள் பல மாதத்துக்குப் பிறகு நன்மை எடுத்தாள். இதை எங்களுக்கு ஏன் முதலே யாரும் சொல்லவில்லை? கேட்கவில்லை, அதுதான்.

போனது விடியற்காலை நாலரைக்கு. மகளும் நானும் இருந்தோம். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது, கை கால் குளிர்ந்தது, இது இப்படித்தான் வரும் என்று மிஸ் முதலே சொல்லியிருந்ததால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கடைசியில் கட்டில் சட்டத்தில் தட்ட யாரும் இல்லாததால் நான் செபத்தை ஓட்டமாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் நினைத்தேன்.

செத்த வீட்டில் மகள் வெற்றிலைத் தட்டம் வைக்கவில்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு பெரியப்பா கடைக்கு ஆளனுப்பி வாங்கிவரச் சொன்னார். அவள் தட்டத்தை எடுத்து உள்ளே பூட்டினாள், அவ்வளவு அமைதியான பிள்ளை. வந்தவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். சேமக்காலைக்குப் போன சனம் றோட்டு நிறைய. மாமி சந்தித்த நோயாளிகள் வீட்டு ஆட்களே நூறு பேருக்குமேல் இருந்திருப்பார்கள்.

செத்த 31ஆம் நாள் காரியம் முடிந்த பிறகு மகள் அந்த சீஆர் கொப்பிகளைத் தந்தாள். போன வீட்டுக் கதை வெளியே போகக் கூடாது என்ற சட்டம் இருப்பதால் மிச்சத்தை எரிப்போம் என்றும், நடந்துகொண்டிருக்கிற வீடுகளின் கொப்பி ஒன்றை மட்டும் நான் வைத்திருப்பதென்றும் பேசினோம். அதில் 2020 பங்குனித் தேதியிட்ட ஒரு பக்கம்: "சி. கன்னத்துக்குள் வெள்ளைப்பட்டிருக்கு. பல் கிளினிக்குக் கூட்டிப் போக வேணும்." அடியில் இரண்டு கோடு. அந்தக் கிழமைதான் ஊரடங்கு போட்டார்கள்.

சி. அம்மா உயிரோடுதான் இருக்கிறார், இரண்டு ஒழுங்கை தள்ளி. அடுத்த நாளே போனேன். மாட்டேன் என்றார், பேத்தியை விட்டுச் சொல்ல வைத்து, ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். தசை எடுத்தார்கள். கான்சர் இல்லை, ஆனால் மாறக்கூடிய திட்டு, வெற்றிலையை நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது சந்திக் கடையடியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார்.

"என்னம்மா?"

"புகையில வேணாம் மனே. வெறும் பாக்கு ஒண்டு."

நிறுத்த விடவில்லை. வீடுவரைக்கும் என்னோடு கதைக்கவேயில்லை. இறங்கும்போது, "அவ இருந்திருந்தா வாங்கித் தந்திருப்பா" என்றார். அது உண்மைதான். மாமி வாங்கிக் கொடுத்திருப்பார், தனக்கும் ஒன்று மடித்திருப்பார். கொப்பியில் அடுத்த தேதியை எழுதிக்கொண்டு வந்தேன்.